முதலிலேயே பிடித்துக்கொண்ட அறுபது லட்சம்

அம்மா வியாசர்பாடியில் சாயங்காலக் கடை போட்டிருந்தாள். ஒரு தள்ளுவண்டி, ஒரு ஸ்டவ், ஒரு வாணலி. வாழைக்காய் பஜ்ஜி, மிளகாய் பஜ்ஜி, வெங்காயப் போண்டா. ஆறு மணிக்கு மேல் வண்டியைச் சுற்றி ஆள் நிற்கும். வியாபாரத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கடை ஓடியது தண்டலில்.

தண்டல் என்றால் என்னவென்று வடசென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பத்தாயிரம் ரூபாய் கேட்டால் கையில் 8,500 வரும். மீதி 1,500-ஐ முதலிலேயே பிடித்துக்கொள்வார்கள். கணக்கு மட்டும் பத்தாயிரத்துக்கு. நாளுக்கு நூறு ரூபாய், நூறு நாள். கட்டம் போட்ட ஒரு சின்ன அட்டை உண்டு. தினமும் ராத்திரி எட்டரைக்கு ஒருவர் டிவிஎஸ் வண்டியில் வந்து, "யக்கா" என்று குரல் கொடுத்து, நூறு ரூபாயை வாங்கிக்கொண்டு ஒரு கட்டத்தில் கிறுக்கிவிட்டுப் போவார். நூறு கட்டமும் நிறைந்தால் அட்டையைக் கிழித்துப் போட்டுவிடுவார்.

எங்கள் வீட்டில் அட்டை கிழிந்ததை நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். எழுபதாவது, எண்பதாவது கட்டத்தில் மழை வரும், இல்லாவிட்டால் யாருக்காவது காய்ச்சல் வரும். உடனே புது அட்டை. புதுக் கடனில் பழைய பாக்கியைக் கழித்துக்கொண்டு, அதற்கும் முன்பிடித்தம் போட்டு, மிச்சத்தைக் கொடுப்பார்கள். பத்தாயிரம் வாங்கி ஐயாயிரத்து ஐந்நூறை எண்ணிய நாள்கள் உண்டு. 2003-இல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டத்தில் தண்டல் என்ற பெயரே இருக்கிறது. எங்கள் தெருவில் அட்டை அதற்குப் பிறகும் ஓடியது.

தெருவில் எங்களைப் பற்றிச் சொன்னது வேறு. "அந்தம்மாவுக்குக் கைராசி இல்லப்பா. எவ்ளோ வித்தாலும் நிக்க மாட்டேங்குது."

ஒரு வாட்ஸாப் சண்டையின்போது இதெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. பள்ளிக்கூட நண்பர்கள் குழுவில் ஒருவன் உலக வரைபடம் ஒன்றைப் போட்டான். பணக்கார நாடுகள் பச்சை, ஏழை நாடுகள் சிவப்பு. ஏன் இப்படி என்று கேட்டிருந்தான். சரமாரியாகப் பதில் வந்தது: வெயில், சோம்பேறித்தனம், மதம், ஊழல், மக்கள்தொகை. காலனி ஆட்சி என்று நான் எழுதினேன். உடனே ஒரு பதில்: "ஹைட்டியைப் பாரு. 1804லயே சுதந்திரம் வாங்கிட்டான். இருநூறு வருஷமா அவன்தான் ஆளுறான். இன்னும் வெள்ளைக்காரன் மேலயே பழி போடுவியா?"

எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. தேடிப் படிக்க மூன்று வாரம் ஆனது. அதற்குள் குழு ஐபிஎல்லுக்குப் போய்விட்டது. அங்கே போட முடியாத பதில் இது.

ஹைட்டி சின்ன நாடு. பரப்பு 27,750 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்குதான் வரும். கரீபியக் கடலில் உள்ள ஒரு தீவின் மேற்குப் பகுதி அது. கிழக்குப் பகுதி டொமினிக்கன் குடியரசு. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டபோது மேற்குப் பகுதிக்குப் பெயர் சான் டொமிங். 1780களில் உலகத்திலேயே அதிக லாபம் தந்த காலனி அதுதான். ஐரோப்பா குடித்த காப்பியில் பாதிக்கு மேல் அங்கே விளைந்தது. சர்க்கரையிலும் பெரும்பங்கு அங்கிருந்தே போனது. ஏறத்தாழ ஐந்து லட்சம் ஆப்பிரிக்க அடிமைகள் அந்தத் தோட்டங்களில் வேலை செய்தார்கள். கரும்பாலையில் ஆள் சீக்கிரம் செத்துப்போவான். அந்த இடத்தை நிரப்ப அடுத்த கப்பல் வரும். ஆளைக் காப்பாற்றுவதைவிடப் புது ஆளை வாங்குவது மலிவு என்று முதலாளிகள் கணக்குப் போட்ட ஊர் அது.

1791 ஆகஸ்டில் அடிமைகள் எழுந்தார்கள். பன்னிரண்டு வருடச் சண்டை. துசான் லூவெர்துர் என்ற, தானே ஒருகாலத்தில் அடிமையாக இருந்தவர், படையைக் கட்டி எழுப்பினார். பேச்சுவார்த்தை என்று கூப்பிட்டு அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1803 ஏப்ரல் 7 அன்று பிரான்சின் குளிர்மலைக் கோட்டை ஒன்றில் செத்துப்போனார். ஆனால் நெப்போலியன் அனுப்பிய பெரும்படை மஞ்சள் காய்ச்சலிலும் போரிலும் கரைந்தது. 1804 ஜனவரி 1 அன்று, துசானின் தளபதியாக இருந்த தெசலின் சுதந்திரத்தை அறிவித்தார். அந்த மண்ணின் பழங்குடிகள் வைத்த பெயரையே நாட்டுக்கும் வைத்தார்கள். ஹைட்டி என்றால் மலைகள் நிறைந்த நாடு. அந்த வருடமே மிச்சமிருந்த பிரெஞ்சுக்காரர்களைத் தெசலின் கொன்று குவித்ததையும் சொல்லிவிட வேண்டும். வெற்றிக் கதையை மட்டும் சொன்னால் அது அரசியல் மேடைப் பேச்சாகிவிடும்.

அதற்குப் பிறகு அந்த நாட்டை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் அமெரிக்கா, அங்கேயும் அடிமைகள். கறுப்பர்கள் முதலாளிகளைத் துரத்திவிட்டு நாடு நடத்தலாம் என்ற செய்தி பரவுவதை அங்கே யார் விரும்புவார்கள்? அமெரிக்கா ஹைட்டியை ஒரு நாடாக ஏற்றுக்கொண்டது 1862-இல், அடிமைமுறை இருந்த தென் மாநிலங்கள் பிரிந்துபோன பிறகு. அதுவரை எந்த நேரமும் பிரெஞ்சுப் படை திரும்பி வரலாம் என்ற பயம். வடக்கே ஒரு மலையுச்சியில் ஹைட்டிக்காரர்கள் பிரம்மாண்டமான கோட்டை ஒன்றைக் கட்டினார்கள். பீரங்கிகளை மனிதர்களே மலைமேல் இழுத்தார்கள். பள்ளிக்கூடம் கட்டியிருக்க வேண்டிய காசும் உழைப்பும் கல்லாக அங்கே நிற்கின்றன.

1825 ஜூலையில் பயந்தது நடந்தது. பத்தாம் சார்ல்ஸ் மன்னனின் ஆணையோடு பிரெஞ்சுக் கப்பல்கள் போர்ட்-ஓ-பிரின்ஸ் துறைமுகத்துக்கு வந்தன. பின்னால் வந்து சேர்ந்தவற்றோடு மொத்தம் 14 போர்க்கப்பல், 500க்கு மேல் பீரங்கி. ஆணையில் இருந்தது இதுதான்: உங்களைச் சுதந்திர நாடாக ஏற்றுக்கொள்கிறோம், அதற்கு 15 கோடி பிராங்க் கொடுங்கள், ஐந்து தவணை. கூடவே பிரெஞ்சுச் சரக்குக்குச் சுங்க வரியைப் பாதியாக்குங்கள்.

எதற்காக 15 கோடி? தோட்டங்களை இழந்த பழைய முதலாளிகளுக்கு நஷ்டஈடு. தோட்டத்துக்கு மதிப்புப் போடும்போது அங்கே எத்தனை அடிமைகள் இருந்தார்கள் என்பதும் கணக்கில் சேர்ந்தது. தங்கள் உடம்பின் விலையைத் தாங்களே கட்டச் சொன்னார்கள் என்று இதை விளக்கினால் மிகை என்று தோன்றும். கணக்கு அதுதான்.

தொகை எவ்வளவு பெரியது என்பதற்கு ஓர் ஒப்பீடு. 1803-இல் பிரான்ஸ் லூசியானா என்ற பெரும் நிலப்பரப்பை அமெரிக்காவுக்கு விற்றது. ஹைட்டியைப் போல எழுபது மடங்குக்கு மேல் பெரியது. அதற்கு வாங்கிய விலை 8 கோடி பிராங்க். ஹைட்டியில் தோற்றுப்போனதும் அதை விற்றதற்கு ஒரு காரணம்.

ஹைட்டி அதிபர் புவாயே கையெழுத்துப் போட்டார். அவரை முழுக்க மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. பீரங்கி எதிரே நின்றது உண்மை. ஆனால் சண்டையென்று வந்தால் மலைக்குள் போய்ப் போராடியிருக்கக்கூடிய மக்கள் அவர்கள், இருபது வருடம் முன்பு அதைச் செய்தும் காட்டியவர்கள். நகரத்து மேட்டுக்குடிக்கு வேறு கவலை இருந்தது. பிரான்ஸ் ஏற்றுக்கொண்டால் தங்கள் கைக்கு வந்த தோட்டங்களுக்குப் பட்டா உறுதியாகும், வியாபாரம் பெருகும். கட்டப்போவது மலையில் காப்பி பயிரிடும் குடியானவன்தானே.

சரி, முதல் தவணை 3 கோடி. அரசின் ஓராண்டு வருமானத்தைப் போலப் பல மடங்கு. கஜானாவில் அவ்வளவு இல்லை. அதற்கும் வழி இருந்தது: பாரிசிலேயே கடன் வாங்கிக்கொள்ளலாம். பாரிஸ் வங்கிக்காரர்கள் 3 கோடி பிராங்குக்குக் கடன் பத்திரம் போட்டார்கள். ஹைட்டியின் கணக்கில் வந்தது 2 கோடியே 40 லட்சம். மீதி 60 லட்சத்தை முதலிலேயே பிடித்துக்கொண்டார்கள். வட்டி மட்டும் 3 கோடிக்கு.

இந்த வரியைப் படித்தபோது நான் பேருந்தில் இருந்தேன். கைபேசியை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்களைத் தவிர எல்லாம் எங்கள் வீட்டு அட்டை.

நஷ்டஈடும் அதைக் கட்டுவதற்கான கடனும் சேர்ந்ததை ஹைட்டிக்காரர்கள் இரட்டைக் கடன் என்கிறார்கள். 1838-இல் பிரான்ஸ் நஷ்டஈட்டை மொத்தம் 9 கோடியாகக் குறைத்தது. அதையும் கட்ட அரை நூற்றாண்டு போனது. பிறகு பழைய கடனுக்காகப் புதுக் கடன். 1875-இல் வாங்கிய கடனில் பாரிஸ் வங்கி முன்கூட்டியே பிடித்தது 40 விழுக்காடு. மிச்சத்தில் பெரும்பகுதி பழைய பாக்கிக்குப் போனது, கொஞ்சம் ஹைட்டி அதிகாரிகளின் சட்டைப்பைக்குப் போனது. 1880-இல் ஹைட்டித் தேசிய வங்கி என்று ஒன்று வந்தது. பேரில்தான் தேசியம். அதன் தலைமையிடம் பாரிஸ். அரசு தன் பணத்தைப் போடவும் எடுக்கவும் அந்த வங்கிக்குக் கூலி கொடுத்தது. 1911-இல் காப்பி வரியாக வந்த ஒவ்வொரு 3 டாலரிலும் 2.53 டாலர் பிரெஞ்சு முதலீட்டாளர்களின் கடனுக்குப் போனது.

1914 டிசம்பர் 17 அன்று அமெரிக்கக் கடற்படை வீரர்கள் பட்டப்பகலில் அந்த வங்கிக்குள் போய், 5 லட்சம் டாலர் தங்கத்தை எடுத்துக்கொண்டு கப்பலேறினார்கள். தங்கம் நியூயார்க் வால் ஸ்ட்ரீட்டுக்குப் போனது. அடுத்த வருடம் படையே வந்தது, 1934 வரை இருந்தது. வசூல் அட்டை பிரான்சிடமிருந்து அமெரிக்காவின் கைக்கு மாறியது.

பணம் வெளியே போனது பாதிக் கதைதான். அந்த வசூல் அரசாங்கத்தையே எப்படி மாற்றியது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. விடுதலை பெற்ற மக்கள் கரும்புத் தோட்டத்துக்குத் திரும்பிப் போக மறுத்தார்கள். மலைச்சரிவில் ஆளுக்குக் கொஞ்சம் நிலம், கிழங்கு, சோளம், நாலு காப்பிச் செடி. அவர்கள் கேட்டது அவ்வளவுதான். ஆனால் கடனைக் கட்ட ஏற்றுமதி வேண்டுமே. 1826-இல் புவாயே ஒரு கிராமச் சட்டம் கொண்டுவந்தார். குடியானவன் தோட்டத்தை விட்டு அனுமதியில்லாமல் போகக்கூடாது. சங்கிலி கிடையாது, ஆனால் வேலை அதேதான். மக்கள் அதற்குப் பணியவில்லை, மலைக்குள்ளேயே இருந்துகொண்டார்கள். அரசும் மலை ஏறவில்லை. துறைமுகத்தில் உட்கார்ந்துகொண்டு, இறங்கி வரும் காப்பி மூட்டைக்கு வரி பிடித்தது. சாலை போடாமல், பள்ளிக்கூடம் கட்டாமல், தினமும் எட்டரைக்கு வந்து வாங்கிக்கொண்டு போகும் ஆளாகவே அரசு நூறு வருடம் இருந்தது.

நாட்டுப்புறத்து மக்களுக்கு நகரத்தார் வைத்த பெயர் "மூன் ஆந்தேயோ", வெளியே இருப்பவர்கள். நாட்டின் பெரும்பான்மையே வெளியாள்! மக்கள் பேசுவது கிரெயோல், சட்டமும் நீதிமன்றமும் பிரெஞ்சில். கிரெயோல் ஆட்சிமொழியானது 1987-இல். அதுவரை தன்மேல் போட்ட வழக்கே புரியாமல் நின்றவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்.

எதிர்வாதத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும். அதே தீவு, கிழக்குப் பகுதி டொமினிக்கன் குடியரசு. 1822 முதல் 1844 வரை அதையும் ஹைட்டிதான் ஆண்டது. பிரெஞ்சுக் கடனுக்காக அங்கேயும் வரி போட்டார்கள். அந்தக் கோபமும் சேர்ந்துதான் அது பிரிந்தது. அமெரிக்கப் படை அங்கேயும் வந்தது. சர்வாதிகாரி அங்கேயும் இருந்தான். துருஹியோ, 1930 முதல் 1961 வரை. 1937-இல் எல்லையில் ஆயிரக்கணக்கான ஹைட்டிக்காரர்களைக் கொல்லவைத்தவன். ஒரு கீரைக் கொத்தைக் காட்டி அதன் ஸ்பானியப் பெயரைச் சொல்லச் சொன்னார்களாம். 'பெரெஹில்' என்று சரியாக வராதவன் ஹைட்டிக்காரன். நாம் 'வாழைப்பழம்' சொல்லச் சொல்லி ஆளைக் கேலி செய்வோமே, அந்த விளையாட்டு அங்கே கத்தியோடு நடந்தது.

அப்படிப்பட்ட ஆட்சியைக் கண்ட நாடும் ஹைட்டியும் 1960 வாக்கில் தலா வருமானத்தில் ஏறத்தாழச் சமமாகத்தான் இருந்தன. இன்று டொமினிக்கன் பல மடங்கு மேலே. செயற்கைக்கோள் படத்தில் எல்லைக்கோட்டை நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம், ஒரு பக்கம் காடு, மறுபக்கம் மொட்டை மலை. அப்படியென்றால் 1825-ஐ மட்டும் காட்டித் தப்பிக்க முடியாது. கிழக்குக்கு மழை அதிகம், மலை குறைவு, நெரிசலும் குறைவு. இதெல்லாம் உண்டு. ஆனால் 1957-இல் ஹைட்டியில் ஆட்சிக்கு வந்த துவாலியே குடும்பம், அப்பாவும் பிறகு மகனுமாக, 1986 வரை செய்ததை எந்த மழைக்கணக்கிலும் சேர்க்க முடியாது. துருஹியோவும் திருடன்தான், ஆனால் திருடியதைப் பெரும்பாலும் உள்ளூரிலேயே ஆலையாகவும் பண்ணையாகவும் போட்டான். அவன் செத்தபின் அவை அரசுக்கு வந்தன. துவாலியேக்கள் வெளிநாட்டு வங்கியில் போட்டார்கள். மகன் கடைசியில் பிரான்சுக்கே ஓடிப்போனான். படித்தவர்கள் அவனுக்கு முன்பே கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

என் நண்பனின் கேள்வியில் இருந்த நியாயம் இதுதான்: ஆண்டவர்கள் ஹைட்டிக்காரர்கள். நான் சேர்க்க விரும்புவது: அவர்கள் ஏறி உட்கார்ந்த நாற்காலி வசூலுக்காகச் செய்யப்பட்டது. வேறு எதற்கும் அது பழகியிருக்கவில்லை.

அப்புறம் பன்றிக் கதை. இதைச் சொல்லாமல் விட முடியாது. ஹைட்டிக் குடியானவனுக்கு வங்கி எது என்றால் கறுப்பு நாட்டுப் பன்றி. கிடைத்ததைத் தின்னும், நோய் தாங்கும். பள்ளிக் கட்டணமா, கல்யாணமா, சாவா, ஒரு பன்றியை விற்றால் போதும். நம் கிராமத்தில் ஆடு மாதிரி. 1970களின் கடைசியில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்ற, பன்றிகளைக் கொல்லும் நோய் வந்தது. அமெரிக்காவுக்குப் பரவிவிடும் என்று பயந்து, 1980களின் தொடக்கத்தில் நாட்டிலிருந்த அத்தனை பன்றிகளையும் கொன்றார்கள். பதிலுக்கு அமெரிக்கப் பன்றி வந்தது. அதற்குச் சிமெண்டுத் தரை வேண்டும், இறக்குமதித் தீவனம் வேண்டும், நல்ல தண்ணீர் வேண்டும். வளர்க்கிறவன் வீட்டிலேயே இவையெல்லாம் இல்லை. 'நான்கு கால் இளவரசன்' என்று பெயர் வைத்துச் சிரித்தார்களாம்.

அரிசிக்கும் அதே கதி. ஆர்திபொனித் பள்ளத்தாக்கில் விளைந்த நெல் ஒருகாலத்தில் நாட்டுக்கு ஏறத்தாழப் போதும். கடன் கொடுத்தவர்களின் நிபந்தனையில் 1995-இல் அரிசி இறக்குமதி வரி 3 விழுக்காட்டுக்கு இறங்கியது. அமெரிக்க அரசு மானியம் கொடுத்து விளைவித்த அரிசி கப்பலில் வந்து இறங்கியது. உள்ளூரில் அதற்குப் பெயர் மயாமி அரிசி. வயலை விட்டவர்கள் போர்ட்-ஓ-பிரின்ஸ் குடிசைகளுக்கு வந்தார்கள். 2010 மார்ச்சில் பில் கிளின்டன் அமெரிக்கச் செனட் குழுவின் முன்னால், தன் ஆர்கன்சா விவசாயிகளுக்கு அது நல்லதாக இருந்திருக்கலாம், ஹைட்டிக்கு அது தவறு என்று ஒப்புக்கொண்டார். அதற்கு இரண்டு மாதம் முன்புதான், ஜனவரி 12-இல், 7.0 அளவு நிலநடுக்கத்தில் அந்தக் குடிசைகளும் கான்கிரீட் வீடுகளும் இடிந்து லட்சக்கணக்கானோர் செத்திருந்தார்கள். அடுத்த மாதமே சிலியில் 8.8 அளவில் பூமி ஆடியது. பலமடங்கு பெரிய அதிர்ச்சி, ஆனால் இறந்தவர்கள் ஏறத்தாழ 500 பேர். ஹைட்டியில் நடந்ததற்கு அமெரிக்கத் தொலைக்காட்சிப் போதகர் ஒருவர் காரணம் சொன்னார்: இவர்கள் விடுதலைக்காகப் பிசாசோடு ஒப்பந்தம் போட்டவர்கள். எங்கள் தெருவில் அதைக் கைராசி என்பார்கள்.

2003 ஏப்ரல் 7, துசான் இறந்து இருநூறாவது ஆண்டு. அதிபர் அரிஸ்டீட் பிரான்சிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டார். 2,168 கோடியே 51 லட்சத்து 35 ஆயிரத்து 571 டாலர், 48 சென்ட். அந்த 48 சென்டை வைத்து உலகம் கேலி செய்தது. அடுத்த பிப்ரவரியில் அவர் பதவியிலிருந்தே தூக்கப்பட்டார். அவரும் ஒன்றும் உத்தமர் இல்லை. 2022-இல் நியூயார்க் டைம்ஸ் பழைய ஆவணங்களைப் புரட்டிக் கூட்டிப் பார்த்தது. கட்டிய தொகை இன்றைய மதிப்பில் சுமார் 56 கோடி டாலர். அந்தப் பணம் நாட்டுக்குள்ளேயே சுழன்றிருந்தால் குறைந்தது 2,100 கோடி ஆகியிருக்கும் என்று கணக்கு வந்தது. அரிஸ்டீடின் தொகைக்குப் பக்கத்தில்தான். 2025 ஏப்ரல் 17-இல், ஆணை போட்டு இருநூறு வருடம் ஆன நாளில், பிரெஞ்சு அதிபர் மக்ரோன் வரலாற்றாசிரியர்கள் குழு ஒன்றை அறிவித்தார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் தரவில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். பரங்கிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஹைட்டியில் ஜனவரி 1 அன்று வீட்டுக்கு வீடு பரங்கிக்காய் சூப் வைப்பார்கள், அடிமைக் காலத்தில் முதலாளி மட்டும் குடித்தது என்பதால் விடுதலை நாளில் எல்லாரும் குடிப்பார்கள் என்று சொன்னதும்தான் காது கொடுத்தாள். 60 லட்சத்தை முதலிலேயே பிடித்துக்கொண்டதைக் கேட்டதும் கத்தி நின்றது.

"கணக்கு மட்டும் முழுசுக்கா?"

"ஆமாம்மா."

"கட்டி முடிச்சாங்களா இல்லியா? அட்டையைக் கிழிச்சானா?"

நஷ்டஈடு 1880களிலேயே முடிந்தது, அதைத் தொட்டு வாங்கிய கடைசிக் கடன் தீர்ந்தது 1947-இல் என்றேன்.

"நமக்குச் சுதந்திரம் குடுத்த வருஷம்" என்றாள் அம்மா. "அவங்களுக்கு எப்போ குடுத்தாங்கன்னு சொன்னே?"

"1804."

விரலை மடக்கிப் பார்த்தாள். பத்து விரலும் போதவில்லை. பரங்கிக்காய் விதையைத் தனியாக ஒரு தட்டில் வழித்துப் போட்டுவிட்டு, வெயிலில் கொண்டுபோய் வைக்கச் சொன்னாள்.